பதம் பார்க்க ஒரு சோறும் இல்லாதபோது

2019 டிசம்பர் 21, சனிக்கிழமை. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளான எவர்ட்டனும் ஆர்சனலும் மோதின. நம் நேரப்படி மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. இரண்டு அணிகளும் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தொண்ணூறு நிமிடங்களைக் கடத்தின. களத்தில் காட்ட ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, கேமரா அடிக்கடி பார்வையாளர் மாடத்தின் பக்கம் திரும்பியது. அங்கே இரண்டு பேர் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் முந்தைய நாள் ஆர்சனலின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்ட மிக்கேல் ஆர்டெட்டா. மற்றவர் அன்றைய தினம் எவர்ட்டனின் மேலாளராக அறிவிக்கப்பட்ட கார்லோ ஆன்செலோட்டி.

ஆன்செலோட்டிக்கு அப்போது வயது 60. ஐரோப்பிய கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மேலாளராக மூன்று முறை வென்றவர். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என நான்கு நாடுகளில் லீக் பட்டம் வென்றவர். ஆர்டெட்டாவுக்கு வயது 37. மேலாளராக அவர் அதுவரை நடத்திய ஆட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யம். இத்தாலியின் நேபோலி கிளப் ஆன்செலோட்டியை நீக்கிய பத்தாவது நாளில், யாருடனும் ஒப்பந்தம் இல்லாமல் அவர் வீட்டில் இருந்தபோது, நான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடரும் கிளப்பான ஆர்சனல் அவரை விட்டுவிட்டு இன்னொருவரின் உதவியாளரை அழைத்து வந்திருந்தது. அன்று மாலை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, தவறு செய்துவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். நண்பர்கள் குழுவில் அதை எழுதவும் செய்தேன். சற்று கடுமையான சொற்களில்.

அந்த நிலைப்பாட்டை இப்போது திரும்பிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. ஏதாவது ஒரு பெரிய கிளப் அனுபவமற்ற ஒருவரை மேலாளராக்கப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், அந்தக் கிளப்பின் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு சாரார் ஆர்டெட்டாவையும் மறு சாரார் யுவென்டஸில் சறுக்கிய பிர்லோவையும் மேற்கோள் காட்டிச் சண்டை போடுகிறார்கள். 2019இல் நாங்கள் போட்ட சண்டையும் அதேதான். பெயர்கள் மட்டும் வேறு. அன்று ஒரு பக்கத்தில் புதியவர்களாக வந்து வென்ற குவார்டியோலாவும் ஜிடானும் இருந்தார்கள், மறு பக்கத்தில் புதியவராக வந்து தோற்ற கேரி நெவில் இருந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். உதவிப் பயிற்சியாளர் ஒருவரை எடை போடும்போது சிக்கல் என்னவென்றால், பதம் பார்க்க அந்த ஒரு சோறும் கிடைப்பதில்லை. ஆர்டெட்டா 2016 முதல் மான்செஸ்டர் சிட்டியில் பெப் குவார்டியோலாவின் அருகில் இருந்தவர். ரஹீம் ஸ்டெர்லிங் போன்றவர்களின் கோலடிக்கும் திறன் மெருகேறியதில் அவருடைய தனிப்பயிற்சிக்குப் பங்குண்டு என்று பரவலாகச் சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் சமையல் குவார்டியோலாவுடையது; அதில் உப்பைச் சரியாகப் போட்டவர் யார் என்று சாப்பிடுகிறவர் எப்படிச் சொல்ல முடியும்? ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றபின் திங்கட்கிழமை காலையில் ஒருவர் ஆட்டக்காரர்களிடம் என்ன பேசுவார் என்பது, அவர் மேலாளராக ஐந்து ஆட்டங்கள் தோற்ற பிறகுதான் தெரியும். ஆர்டெட்டா இருந்தவரை சிட்டியில் அப்படி ஒரு திங்கட்கிழமை வந்ததே இல்லை.

எதிர்த்தரப்பில் இருந்த நண்பர்கள் உடனே ஆர்சனலின் பழைய மேலாளர் ஆர்சென் வெங்கரை இழுத்து வந்தார்கள். 1996இல் அவர் வந்தபோது லண்டன் பத்திரிகை ஒன்று 'ஆர்சென் யார்?' என்று தலைப்பிட்டது. இரண்டாவது சீசன் முடிவதற்குள் அவர் லீக் பட்டத்தையும் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றார். இந்த ஒப்பீடு அன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வெங்கர் நிரூபிக்கப்படாதவர் அல்லர். 1988இல் மொனாக்கோவை பிரெஞ்சு லீக் சாம்பியனாக்கியவர். பிறகு ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எயிட் அணியைத் தூக்கி நிறுத்தியவர். அவரை லண்டனுக்குத் தெரியாமல் இருந்தது லண்டனின் அறியாமை. நமக்குத் தெரியாதவர் என்பதும் இன்னும் எதையும் செய்து காட்டாதவர் என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். ரசிகர்கள் வசதிக்கேற்ப இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆர்டெட்டா இதில் முதல் வகையைச் சேர்ந்தவரே அல்லர். 2011 முதல் 2016 வரை எங்களுக்காக ஆடியவர், அணித்தலைவராக இருந்தவர். அவரை எங்களுக்கு நன்றாகவே தெரியும். அவரால் என்ன முடியும் என்பதுதான் தெரியாது.

என் வாதத்தில் இருந்த பெரிய ஓட்டையின் பெயர் உனாய் எமெரி. 2018 மே மாதம், வெங்கரின் 22 ஆண்டுகள் முடிந்தபோது, ஆர்டெட்டாவின் பெயர் அறிவிக்கப்படப்போகிறது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த வேளையில் கிளப் கடைசிக் கட்டத்தில் எமெரியின் பக்கம் திரும்பியது. ஸ்பெயினின் செவியாவுடன், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் தொடர்ந்து மூன்று முறை, பாரிஸில் ஒரு லீக் பட்டம். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். பதினெட்டு மாதங்களில் அந்தப் பெருமூச்சு வற்றிப்போனது. பாக்கு நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் செல்சியிடம் 4-1 என்று தோற்றோம். அணித்தலைவர் கிரானித் ஜாக்கா சொந்த ரசிகர்களிடமே கோபத்தைக் காட்டிவிட்டுக் களத்தை விட்டு வெளியேறிய பிறகு அவருடைய தலைமைப் பதவி பறிக்கப்பட்டது. 2019 நவம்பர் 29 அன்று, ஏழு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லாத நிலையில், எமெரி நீக்கப்பட்டார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்த ரசிகர்களில் நானும் ஒருவன்; எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

எமெரியின் கதை அத்துடன் முடியவில்லை என்பதால் அவரிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆர்டெட்டாவின் முதல் எட்டு மாதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன. வெளியேறும் நிலையில் இருந்த ஜாக்காவைப் பேசித் தங்க வைத்தார். 2020 மார்ச்சில் ஆர்டெட்டாவுக்கே கொரோனா தொற்று உறுதியாகி, மறுநாள் பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் முதல் தேதி, ஆளில்லாத லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், செல்சியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினோம், அரையிறுதியில் அவருடைய குருவின் சிட்டியையே 2-0 என்று வீழ்த்தியிருந்தோம். லீக்கில் எட்டாம் இடம்தான் என்பதை அந்தக் கோப்பை மறைத்துவிட்டது.

அடுத்த மாதம் கிளப் செய்த காரியம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வெங்கருக்குப் பிறகு அந்தப் பதவியின் பெயரைத் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று சுருக்கி வைத்திருந்தார்கள். அதாவது, ஆட்டக்காரர்களை வாங்குவது விற்பது போன்றவற்றைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள், இவர் களத்தை மட்டும் கவனித்தால் போதும் என்பது அதன் பொருள். அனுபவமற்றவரை நியமிக்கும்போது இது ஓரளவுக்கு ஒரு பாதுகாப்பு வேலி. 2020 செப்டம்பரில் அந்த வேலியைத் தாங்களே பிடுங்கி, ஒன்பது மாதமே பதவியில் இருந்தவருக்கு 'மேலாளர்' பட்டத்தையும் அதனுடன் வரும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள். ஆபத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் பந்தயத் தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

பிறகு வந்தது 2020ஆம் ஆண்டின் குளிர்காலம். நவம்பர் முதல் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்தில் வென்ற பிறகு, லீக்கில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் வெற்றி இல்லை. ஆஸ்டன் வில்லாவிடம் மூன்று கோல், டாட்டன்ஹாமிடம் இரண்டு, சொந்த மைதானத்தில் பர்ன்லியிடமும் தோல்வி. ஏழாவது ஆட்டம் டிசம்பர் 19 அன்று, அதே குடிசன் பார்க்கில். ஓராண்டுக்கு முன் மாடத்தில் அமர்ந்திருந்த இருவரும் இப்போது எல்லைக்கோட்டருகே எதிரெதிரே நின்றார்கள். எவர்ட்டன் 2-1 என்று வென்றது. ஆன்செலோட்டியின் அணி பட்டியலின் மேல்பகுதியில். நாங்கள் 14 ஆட்டங்களில் 14 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்தில். எமெரி நீக்கப்பட்ட நாளில் அவர் கையில் 13 ஆட்டங்களில் 18 புள்ளிகள் இருந்தன, இடம் எட்டு. நிரூபிக்கப்பட்டவரை நீக்கப் போதுமானதாக இருந்த கணக்கைவிட மோசமான கணக்கு, நிரூபிக்கப்படாதவரை நீக்கப் போதுமானதாக இல்லை.

அந்த இரவில் என் பழைய செய்தியைத் தேடி எடுத்து, கீழே ஒரு வரியும் சேர்க்காமல், குழுவில் மீண்டும் பகிர்ந்தேன். அதில் எனக்கு ஒரு குரூரமான மகிழ்ச்சி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. தன் அணி தோற்கும்போது தன் கணிப்பு வென்றதில் திருப்தி காணும் ரசிகன் ஒரு விசித்திரப் பிறவி. எங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்கள் நான்கைந்து பேர் இருந்தோம்.

ஏழு நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, செல்சி எங்கள் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வந்தது. செல்சியின் மேலாளர் ஃபிராங்க் லாம்பார்ட், ஆர்டெட்டாவைப் போலவே பழைய ஆட்டக்காரர் என்ற உரிமையில் வந்தவர். டெர்பி கவுன்ட்டியில் ஒரே ஒரு சீசன் அனுபவத்துடன் 2019இல் பதவியேற்று, முதல் சீசனில் நான்காம் இடம் பிடித்து, 'சொந்தப் பிள்ளையை நம்பினால் இப்படித்தான்' என்று செல்சி ரசிகர்களைப் பெருமைப்பட வைத்திருந்தவர். ஆர்டெட்டா வேறு வழியில்லாமல் எமில் ஸ்மித் ரோ, புக்காயோ சாக்கா போன்ற இளைஞர்களை முன்னால் விட்டு 3-1 என்று வென்றார். ஒரு மாதத்தில் லாம்பார்ட் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த தாமஸ் டூகெல், கையில் ஏராளமான அனுபவம் உள்ளவர், நான்கே மாதங்களில் அதே அணியைக் கொண்டு சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்.

இந்த இடத்தில் நின்று பார்த்தால், நிரூபிக்கப்பட்டவரை அழைப்பதே சரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் மற்ற இரண்டு கிளப்புகளில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்டெட்டா வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2019 நவம்பர் 20 அன்று, வட லண்டனில் எங்கள் எதிரியான டாட்டன்ஹாம் ஜோசே மொரீனியோவை நியமித்தது. அவரைவிட நிரூபிக்கப்பட்டவரை எங்கே தேடுவது? அவர்கள் ஆறாம் இடத்தில் ஒரு சீசனை முடித்தார்கள். 2021 ஏப்ரலில், லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது அவரை நீக்கினார்கள். கோப்பைகளை வெல்வதற்கென்றே அழைத்து வரப்பட்டவரைக் கோப்பை ஆட்டத்துக்கு முன்பே அனுப்பிவிட்டு, 29 வயதான, மேலாளராக இருந்தே பழக்கமில்லாத ரயன் மேசனை வெம்ப்ளிக்கு அனுப்பினார்கள். சிட்டி 1-0 என்று வென்றது. அனுபவத்துக்காகச் செலவழித்தவர்கள் கடைசியில் அனுபவமின்மையிடமே வந்து நின்றதைப் பார்த்து வட லண்டனின் எங்கள் பாதி நன்றாகவே சிரித்தது.

எவர்ட்டனின் கதை இன்னும் பாடம் தருவது. ஆன்செலோட்டியின் காலத்தில் அவர்கள் பிடித்த இடங்கள் 12ஆவதும் 10ஆவதும். 2021 ஜூனில் ரியால் மாட்ரிட் கூப்பிட்டது. அவர் போய்விட்டார், போனவர் அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். அவருடைய திறமையில் குறையே இல்லை. ஆனால் எவர்ட்டன் அவரைச் சுற்றிக் கட்டிய திட்டம் ஒரே வாரத்தில் சரிந்தது. அடுத்து வந்த ரஃபேல் பெனிட்டெஸ், அவரும் ஒரு காலத்தில் லிவர்பூலுடன் சாம்பியன்ஸ் லீக் வென்றவர், 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார். அந்த சீசனில் எவர்ட்டன் இரண்டாம் நிலை லீக்குக்குத் தரமிறக்கப்படுவதிலிருந்து மயிரிழையில் தப்பியது. நடுத்தர நிலையில் இருக்கும் ஒரு கிளப்புக்குப் பெரிய பெயர் வரும்போது, அந்தப் பெயருக்கு வேறு கதவுகளும் திறந்தே இருக்கும் என்பதை 2019இல் நான் எடைத்தட்டில் வைக்கவே இல்லை. ஆர்டெட்டாவுக்கு அப்போது ஆர்சனலை விட்டால் வேறு கதவு இல்லை.

ஆனால் ஆர்டெட்டா தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் என்று கிளப்பின் பொறுமையைப் புகழும்போது எனக்குச் சற்றே நெருடுகிறது. பொறுமை என்று நாம் சொல்வதில் பாதி தற்செயல். அந்தக் குளிர்காலம் முழுவதும் மைதானங்கள் ஏறக்குறைய காலியாக இருந்தன. பர்ன்லியிடம் தோற்ற இரவில் அறுபதாயிரம் பேர் அமர்ந்திருந்தால், அவர்கள் எழுப்பியிருக்கும் ஊளைச் சத்தத்தை எந்த நிர்வாகக் குழுவாலும் தாங்கியிருக்க முடியாது. எமெரியின் கடைசி வாரங்களில் அந்தச் சத்தம்தான் தீர்ப்பை எழுதியது. அடுத்து, உரிமையாளர்களான குரோன்கி குடும்பம். அமெரிக்காவில் இருந்துகொண்டு கிளப்பை எட்டிப் பார்ப்பதே இல்லை என்று பல ஆண்டுகளாக நாங்கள் வசைபாடியவர்கள். அந்தத் தொலைவே ஆர்டெட்டாவைக் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. 2021 ஏப்ரலில், பெரிய கிளப்புகள் தனியாகப் பிரிந்து நடத்தவிருந்த ஐரோப்பிய சூப்பர் லீக் திட்டம் வெடித்தபோது எமிரேட்ஸுக்கு வெளியே திரண்ட ரசிகர்களின் கோபம் முழுவதும் குரோன்கியின் மீதுதான் இருந்தது. எட்டாம் இடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மேலாளரைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

அதே மாத இறுதியில் யூரோப்பா லீக் அரையிறுதி. எதிரணி ஸ்பெயினின் வில்லார்ரியால். அதன் மேலாளர் உனாய் எமெரி. முதல் ஆட்டத்தில் 2-1 என்று தோற்ற நாங்கள், இரண்டாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஒரு கோலும் போட முடியாமல் வெளியேறினோம். எமெரி இறுதிக்குப் போய், மான்செஸ்டர் யுனைடெட்டை 11-10 என்ற பெனால்ட்டிக் கணக்கில் வென்று, தன் நான்காவது யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார். நாங்கள் மீண்டும் எட்டாம் இடம். கால் நூற்றாண்டில் முதன்முறையாக அடுத்த சீசனில் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் ஆர்சனல் இல்லை. நிரூபிக்கப்படாதவரை நம்பியதற்கான விலைச்சீட்டு இது. ஆர்டெட்டாவை வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்தச் சீட்டைக் காட்டுவதில்லை.

விலை அத்துடன் நிற்கவும் இல்லை. 2021 ஆகஸ்டில் அடுத்த சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒன்பது கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை, பட்டியலில் கடைசி இடம். அதே கோடையில்தான் பென் வைட்டுக்கு மட்டும் 5 கோடி பவுண்டு கொடுத்திருந்தார்கள். மார்ட்டின் ஓடகார்ட், ஆரன் ராம்ஸ்டேல் என்று பட்டியல் நீண்டது. பிறகுதான் ஏறுமுகம்: ஐந்தாம் இடம், அடுத்து 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து இரண்டாம் இடம். 2023-24இல் 89 புள்ளிகள் எடுத்தும் சிட்டி இரண்டு புள்ளி முன்னால் நின்றது. அந்த ஏப்ரலில் எங்கள் மைதானத்திலேயே எங்களை 2-0 என்று வீழ்த்திப் பட்டத்தை நழுவ வைத்த அணி ஆஸ்டன் வில்லா. அதன் மேலாளர் வேறு யாருமல்ல, எமெரியேதான். அந்த சீசனில் அவர் வில்லாவைச் சாம்பியன்ஸ் லீக்குக்கும் கொண்டு போனார்.

எமெரியின் பழைய கோப்பைகள் பொய் சொல்லவில்லை என்பது இதனால் தெரிகிறது. அவர் செவியாவில் நல்லவர், வில்லார்ரியாலில் நல்லவர், வில்லாவில் நல்லவர். வெங்கருக்குப் பின் ஆடிப்போயிருந்த, யார் முடிவெடுப்பது என்றே தெரியாத 2018இன் ஆர்சனலில் மட்டும் அவரால் முடியவில்லை. அப்படியானால் ஒருவரின் பழைய சாதனை நமக்குத் தரும் உறுதி, நாம் நினைத்ததைவிடக் குறைவு. புதியவரின் வெற்றுத்தாள் தரும் அச்சமும் அப்படித்தான் என்று சமன்செய்துவிட எனக்குத் துணிவில்லை. ஆந்த்ரேயா பிர்லோவை யுவென்டஸ் 2020இல் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தது. பத்து நாட்களுக்குள், அந்த அணிக்காக ஓர் ஆட்டமும் நடத்தும் முன்பே, அவரை முதல் அணிக்கு உயர்த்தியது. தொடர்ந்து ஒன்பது முறை வென்ற லீக் பட்டம் அந்த ஆண்டு கைநழுவியது. 2015இல் வேலன்சியா அழைத்த கேரி நெவில் முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பார்சலோனாவிடம் 7-0 என்று தோற்று, நான்கு மாதத்தில் வீடு திரும்பினார். இவர்களும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், அறிவாளிகள்தான். குவார்டியோலாவையும் ஜிடானையும் நினைவில் வைத்திருக்கும் ரசிகர்கள் இவர்களை மறந்துவிடுவதால்தான் அடுத்த கிளப்பும் துணிகிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: 2019 டிசம்பருக்குத் திரும்பிப் போனால் யாரைத் தேர்ந்தெடுப்பாய்? அன்று என் கையில் இருந்த தகவல்களை மட்டும் கொடுத்தால், இன்றும் ஆன்செலோட்டி என்றுதான் சொல்வேன். பந்தயத்தில் ஜெயித்த குதிரையைப் பார்த்தபின் முன்பே அதன்மேல் பணம் கட்டியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று நான் ஆர்டெட்டாவைப் பற்றி நூறு கேள்விகள் கேட்டேன். கிளப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் எட்டாம் இடத்தில் கிடந்தால் இந்த உரிமையாளர்கள் என்ன செய்வார்கள், மேலாளர் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கும் நட்சத்திர ஆட்டக்காரரை அனுப்பச் சம்மதிப்பார்களா, அதற்குப் பிறகும் பணம் போடுவார்களா என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விகளுக்கு அன்றைய பதில், குரோன்கியை நாங்கள் அறிந்த வரையில், நிச்சயமாக 'இல்லை' என்றே இருந்திருக்கும். அதிலும் நான் தவறியிருப்பேன்.